பதினொரு சூரியன்களின் வெயில்

மியூனிக்
14 மார்ச் 1971

பிரியமுள்ளவருக்கு,

ஸ்தோத்திரம். சுகமாக வந்து சேர்ந்தேன். தந்தி கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. சூரியனுக்குப் பக்கத்தில் விண்கலம் அனுப்பப் போகிற ஊர் இது. வந்த நாளிலிருந்து சூரியனை நான் கண்ணால் பார்க்கவே இல்லை. வானம் கழுவாத அலுமினியத் தட்டு மாதிரி கவிழ்ந்து கிடக்கிறது. பனி பெய்கிறது என்கிறார்கள். எனக்கு என்னமோ அது பெய்வதாகத் தோன்றவில்லை. எங்கேயோ போக வேண்டியது வழி மறந்து நம் தோளில் வந்து உட்காருவது போல இருக்கிறது.

எங்கள் குழுவின் தலைவர் ஹெர் பிராண்ட்னர். உயரமானவர், சத்தமில்லாமல் பேசுபவர். முதல் நாள் என்னை ஒரு மரப் பொம்மைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கலத்தின் மாதிரி அது. நூற்கண்டு போல இருக்கிறது, நடுவில் ஒடுங்கி, இரண்டு பக்கமும் விரிந்து. அதை விரலால் சுழற்றிவிட்டு, “இது வாழ்நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கமும் அதிக நேரம் சூரியனைப் பார்க்கக் கூடாது” என்றார். புதன் கிரகத்தின் பாதைக்கும் உள்ளே போகப்போகிறது. அங்கே வெயில் நமக்கு அடிக்கிற வெயில் மாதிரி பல மடங்கு. அந்த வெயிலில் கலம் கருகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

பொம்மை சுற்றி நின்ற பிறகும் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாணமான புதிதில், திருப்பதி ரயிலில் சந்திரகிரி தாண்டும்போது, “சூரியனைப் பக்கத்தில் போய்ப் பார்க்கணும் லோயிஸ், இங்கிருந்து பார்த்து எழுதுவதெல்லாம் ஜாதகம்” என்று நீங்கள் சொன்னீர்கள். அந்தப் பொம்மைக்கு முன்னால் நீங்கள்தான் நின்றிருக்க வேண்டும். நாம் இரண்டு பேரும்தான் விண்ணப்பித்தோம். அவர்களுக்கு வெப்பம் தெரிந்த ஆள் தேவைப்பட்டது, சூரியன் தெரிந்த ஆள் தேவைப்படவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

சித்தூர் ஸ்டேஷனில் நீங்கள் “போய்ட்டு வா” என்று மட்டும் சொன்னீர்கள். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் நான் ரயில் ஏறியிருக்க மாட்டேன் என்று தெரிந்துதான் சொல்லவில்லையா?

நம் குழந்தை தபீதாளுக்கு முத்தம். கிரேஸ் அண்ணிக்கு என் அன்பு. ஒன்று கேட்கிறேன், பதில் எழுதுங்கள். அவ்வளவு பக்கத்தில் போனால் சூரியனிடம் நீங்கள் முதலில் எதைக் கேட்பீர்கள்?

உங்கள்
லோயிஸ்


சித்தூர்
22 ஏப்ரல் 1971

அன்புள்ள லோயிஸுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. உனக்குச் சூரியன் வேண்டுமானால் சொல், இங்கே தேவைக்கு மேல் இருக்கிறது, பார்சல் அனுப்புகிறேன். திருப்பதி அறையைக் காலி செய்துவிட்டேன். குழந்தையை கிரேஸ் அக்காவிடம் வாரம் முழுக்க விட மனமில்லை. தினமும் ரயிலில் கல்லூரிக்குப் போய் வருகிறேன். பாகாலாவில் என்ஜின் தண்ணீர் பிடிக்கும் வரை பரீட்சைத் தாள் திருத்துகிறேன். பையன்கள் இந்த வருஷமும் ஒளியின் வேகத்தைத் தப்பாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சுந்தர்சிங் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் குரல்தான் உனக்குத் தெரியுமே, பிரசங்கத்தைவிடப் பெரியது. “இன்னா இன்பா, பொஞ்சாதி சீமைக்குப் போய் ராக்கெட்டு செஞ்சிக்கினு கீது, நீ இங்க கொயந்தைக்கு சோறு ஊட்டிக்கினு கீற?” என்றார். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

தபி தினமும் உன்னைப் பற்றிக் கேட்கிறாள். நீயே சூரியனுக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் எவ்வளவு சொல்லியும் மாறவில்லை. நேற்று, “அம்மா செருப்பு போட்டுக்கினு போனாளா நைனா? அங்க கால் சுடுமே” என்றாள். போட்டுக்கொண்டுதான் போனாள் என்று சொல்லிவிட்டேன்.

உன் கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை. அங்கே அதற்கென்று சம்பளம் வாங்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கேள்.

இன்பசேகரன்


மியூனிக்
18 ஜூன் 1971

பிரியமுள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தை டிராமில் படித்தேன். செருப்பு வரைக்கும் வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கிழவி எதுவும் கேட்காமல் கைக்குட்டையை நீட்டினாள்.

சுந்தர்சிங் ஐயா சொன்னதை எனக்கு எழுதினீர்களே, அது போதும். உங்கள் சிரிப்பை நான் இங்கிருந்தே பார்த்தேன்.

இப்போது வெயில் வந்துவிட்டது. மாலை வெகு நேரம் வெளிச்சம் இருக்கிறது, அணைய மறந்த விளக்கு போல. நான் ஏரிக்கரையில் நடந்துகொண்டே கணக்குப் போடுகிறேன். கணக்கு இதுதான். பூமியில் நம் மேல் விழும் வெயிலை ஒரு சூரியன் என்று வைத்துக்கொள்வோம். கலத்தை ஒரு குறிப்பிட்ட தூரம் வரை கொண்டுபோனால் அதன் மேல் பதினொரு சூரியன்களின் வெயில் விழும். இன்னும் முக்கால் கோடி கிலோமீட்டர் உள்ளே போனால் பதினாறு சூரியன். குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பதினொன்று என்று ஒரு பக்கம், பதினாறு என்று ஒரு பக்கம். இலையுதிர் காலத்தில் முடிவெடுக்க வேண்டும்.

கலத்தின் மேலெல்லாம் சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள் ஒட்டப்போகிறோம். பின்பக்கம் வெள்ளி பூசியவை. வெயிலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடும். மின்சாரம் எடுக்க சோலார் செல்களும் வேண்டும், ஆனால் அவை வெயிலைக் குடிக்கும், சூடாகும். ஒரு வரிசை செல், ஒரு வரிசை கண்ணாடி என்று மாற்றி மாற்றி அடுக்குகிறேன். என் மேஜையில் அந்த மாதிரித் துண்டு ஒன்று இருக்கிறது. மதியம் ஜன்னல் வழியாக வெயில் அதன் மேல் விழும்போது கூரையில் வெளிச்சக் குஞ்சுகள் ஓடுகின்றன. வேலையை விட்டுவிட்டு எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம்.

போன வாரம் ஒரு கனவு. நான் அந்தக் கலத்துக்குள் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே அத்தனை வெயில், உள்ளே ஈரத் துணி போர்த்தியது போல குளிர்ச்சி. ஜன்னல் இல்லை. சூரியன் பக்கத்தில் இருப்பது ஒரு சத்தமாகத்தான் தெரிகிறது. என்ன சத்தம் என்று விழித்ததும் மறந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள் என்று மட்டும் தோன்றியது.

சம்பளம் வாங்குகிறவர்களைக் கேட்டேன். ஆளுக்கொரு கருவியின் பெயரைச் சொன்னார்கள். நான் கேட்டது அது இல்லை. மறுபடியும் உங்களைத்தான் கேட்கிறேன்.

லோயிஸ்


பாகாலா ஸ்டேஷன்
9 ஆகஸ்ட் 1971

அன்புள்ள லோயிஸுக்கு,

மழை. தண்டவாளத்தில் ஏதோ பழுது, ரயில் கிளம்ப நேரமாகும் என்கிறார்கள். பையில் ஏரோகிராம் இருந்தது. அதனால் எழுதுகிறேன், வேறு காரணம் இல்லை.

பதினாறு.

உன் கனவில் கேட்ட சத்தம் காற்று. சூரியனிலிருந்து எப்போதும் ஒரு காற்று வீசிக்கொண்டிருக்கிறது என்று உனக்குத் தெரியும், என் நோட்ஸை நீதான் டைப் அடித்தாய். அந்தக் காற்று பூமிக்கு வந்து சேர்வதற்குள் பழையதாகிவிடுகிறது. வேகமாக வருவது மெதுவாகப் போவதை முட்டித் தள்ளி, எல்லாம் கலந்து, எது எங்கே பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாதபடி ஆகிவிடுகிறது. திருமலை அடிவாரத்தில் நின்று அத்தனை கூட்டத்தையும் பார்க்கிறோம். யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அவரவர் வீட்டு வாசலில் போய் நின்றால்தான் தெரியும்.

நான் அந்த வாசலில் நிற்க வேண்டும். சூரியனைப் பார்ப்பது எனக்கு முக்கியமில்லை. அவ்வளவு பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது, ஒரு வெளிச்சச் சுவர். காற்று புறப்படுகிற இடத்தில் முகத்தை நீட்டி நிற்க வேண்டும், இன்னும் எதிலும் கலக்காத காற்று, அப்போதுதான் வீட்டைவிட்டுக் கிளம்பியது. சூரியனிடம் கேட்க உனக்கு ஒரு கேள்வி வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்: ஒரு மில்லியன் டிகிரி சூட்டை உனக்கு யார் கொடுத்தார்கள்? சூரியனின் முகம் ஆறாயிரம் டிகிரிதான். அதைச் சுற்றியிருக்கிற ஒளிவட்டம் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் சூடு. அடுப்பைவிட அடுப்பங்கரை சூடாக இருக்கிற வீட்டை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

முக்கால் கோடி கிலோமீட்டர் சின்ன விஷயம் இல்லை. உள்ளே போகப் போகக் காற்று சுத்தமாகிறது. பதினொன்றில் நிற்பது, கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டு வருவது.

மழை விட்டிருக்கிறது. எதிரே பயிரெல்லாம் படுத்துக் கிடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், “இன்னா சாரு, எழுதிக்கினே சிரிக்கிறீங்க?” என்று கேட்கிறார். நான் சிரித்தேனா என்று தெரியவில்லை.

இதை யாரிடமும் காட்டாதே. ஆதாரமில்லாமல் எழுதியது. உனக்காக மட்டும்.

இன்பா


மியூனிக்
12 அக்டோபர் 1971

பிரியமுள்ளவருக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எப்படி எழுதினாலும் உங்களுக்கு வலிக்கும். நேராகவே எழுதிவிடுகிறேன்.

முதலாவது, உங்கள் கடிதத்தைக் காட்டிவிட்டேன். காற்றைப் பற்றி எழுதிய பகுதியை மட்டும் ஆங்கிலத்தில் மாற்றி ஹெர் பிராண்ட்னரிடம் கொடுத்தேன். உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்று படித்தார். “இந்தக் கூட்டத்தில் எல்லோரும் கருவியைப் பற்றிப் பேசுகிறார்கள், இவர் ஒருவர்தான் சூரியனைப் பற்றிப் பேசுகிறார்” என்றார்.

இரண்டாவது, முடிவெடுக்கும் கூட்டம் நடந்தது. வெப்பக் குழு என்ன சொல்கிறது என்று என்னைக் கேட்டார்கள். நான் பதினொன்று என்றேன்.

உங்கள் வார்த்தைகளை அந்த அறையில் படித்தவளே நான்தான். அவர்கள் கண்கள் மின்னியதைப் பார்த்தேன். பிறகு என் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பதினாறு சூரியனின் வெயிலில் வாட்டியெடுத்த கண்ணாடித் துண்டு. சில்லுகளுக்குக் கீழே பசை ஓரங்களில் பழுப்பேறியிருந்தது. ஒரு சில்லு பெயர்ந்து மேலே தூக்கிக்கொண்டிருந்தது. ஒன்று பெயர்ந்தால் அதற்கடியில் வெயில் புகும், பக்கத்துச் சில்லு பெயரும், அப்புறம் கலமே இருக்காது. வேறு பசைக்கு இரண்டு வருஷம் தேட வேண்டும், அந்த இரண்டு வருஷம் எங்களிடம் இல்லை. வாசல் வரை போய்ச் செத்துப்போகிற கலத்தால் உங்கள் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பதினொன்றில் உயிரோடு இருந்தால் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இப்படியெல்லாம் பேசிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். உங்களுக்கு எதிராகக் கை தூக்கியது போல இருந்தது.

மூன்றாவது, கலம் அனுப்பப்போகும் தகவல்களைப் படித்துச் சொல்ல ஆள் தேவை. அந்த வேலைக்கு உங்களை அழைக்க ஹெர் பிராண்ட்னர் விரும்புகிறார். முறையாகக் கடிதம் எழுதுவார். தபியையும் அழைத்து வரலாம்.

கோபப்படுங்கள். ஆனால் எழுதுங்கள்.

லோயிஸ்


சித்தூர்
6 நவம்பர் 1971

லோயிஸுக்கு,

உனக்காக மட்டும் என்று எழுதினேன். தமிழில் இதற்கு வேறு அர்த்தம் இருக்கிறதா?

என் கடிதம் மேஜையில் வைக்கிற சாமான் இல்லை. அதிலும் இப்படி: ஒரு கையால் என் எழுத்தை எடுத்து வைத்து எல்லோரையும் கிறங்க வைத்துவிட்டு, மறு கையால் கருகிய துண்டை எடுத்து வைத்து அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று காட்டியிருக்கிறாய். நன்றாக வாதாடியிருக்கிறாய். உன் கணக்கில் தப்பு இருக்காது, எனக்குத் தெரியும்.

உன் பிராண்ட்னரின் கடிதமும் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். முதல் தடவை என் விண்ணப்பத்தைப் பார்த்து, வேண்டாம் என்று சொன்ன அதே கையெழுத்து. இப்போது லோயிஸின் வீட்டுக்காரர் என்றதும் நாற்காலி காலியாகிவிட்டதாக்கும். முடியாது என்று பதில் போட்டுவிட்டேன்.

குழந்தை சுகம். அக்கா சுகம்.

இன்பசேகரன்


மியூனிக்
19 ஜனவரி 1972

பிரியமுள்ளவருக்கு,

நவம்பருக்குப் பிறகு நான் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லை. யுத்தத்தால் தபால் தாமதம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு இங்கே பக்கத்து வீட்டார் அழைத்தார்கள். மரத்தடியில் அவர்கள் பிள்ளைகள் பாடும்போது, என் குழந்தை நம் சபையில் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறாளோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் எந்தச் சட்டையும் போட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் டைபாய்டு காய்ச்சலில் கிடந்திருக்கிறாள்.

கிரேஸ் அண்ணியின் கடிதம் நேற்று வந்தது. எனக்கு ஏற்கனவே தெரியும் என்று நினைத்து, “இப்போ தலைமுடிதான் கொட்டிக்கினு கீது, மத்தபடி நல்லா கீறா, நீ கவலைப்படாதே” என்று எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படித்தபோது வெப்பக் குழுவின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒருவர் என்னிடம் ஏதோ வெப்ப அளவைக் கேட்டார். அவருக்கு நான் தமிழில் பதில் சொன்னேன்.

என்மேல் கோபம் என்றால் என்னோடு பேசாமல் இருங்கள். என் எழுத்தைக் கிழித்துப் போடுங்கள். என் குழந்தையின் காய்ச்சலை என்னிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ள உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அவள் என்னைக் கேட்டாளா? கேட்டிருப்பாள். என்ன சொன்னீர்கள்? அம்மா சூரியனுக்குப் போயிருக்கிறாள் என்றா?

விமான அலுவலகத்தில் விசாரித்துவிட்டேன். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு வேலையை விட்டுக் கிளம்புவேன்.

லோயிஸ்


சித்தூர்
3 பிப்ரவரி 1972

அன்புள்ள லோயிஸ்,

தபி நன்றாக இருக்கிறாள். இதைத்தான் முதலில் எழுத வேண்டும். நேற்று இரண்டு தோசை தின்றுவிட்டு மூன்றாவது கேட்டு அக்காவோடு சண்டை போட்டாள். முடி மொட்டையடித்தது போல இருக்கிறது. கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொள்கிறாள், அதில் அவளுக்கு ஒரு பெருமை.

ஆமாம், உன்னைக் கேட்டாள். காய்ச்சல் அதிகமான நாட்களில் வேறு எதையும் கேட்கவில்லை. நான் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது, நைனாதான் சொல்லவில்லை என்றேன். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறாய். கோபத்தால் இல்லை. கோபம் காய்ச்சல் வந்த அன்றே போய்விட்டது.

தந்தி கொடுக்கத்தான் போனேன். தபால் ஆபீசில் நின்று, உடனே புறப்பட்டு வா என்று படிவத்தில் எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது, லோயிஸ். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். குழந்தை கட்டிலில் கிடக்கிறாள், அவளைப் பெற்றவன் தபால் ஆபீசில் சந்தோஷப்படுகிறான். இவள் வந்துவிடுவாள். வந்தால் திரும்பிப் போக மாட்டாள். சபையில் வாயெல்லாம் அடைபடும். கலத்தை வேறு யாராவது செய்துகொள்வார்கள், நாங்கள் இரண்டு பேரும் மறுபடி ஒரே உயரத்தில் நிற்போம். இவ்வளவும் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குள் ஓடியது. படிவத்தைக் கசக்கி எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதன் பிறகு எழுத உட்கார்ந்தபோதெல்லாம், எழுதுவது குழந்தையின் தகப்பனா, அந்த மனுஷனா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்குப் பயந்துதான் சும்மா இருந்தேன். சும்மா இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. அக்காவிடமும் மறைத்தேன், உனக்கு எழுதிவிட்டதாகச் சொன்னேன்.

நேற்று அவளைச் சந்திரகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். ரயிலில் போகும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அரண்மனைப் படியேறப் பாதியிலேயே மூச்சு வாங்கியது. தூக்கிக்கொள்ளட்டுமா என்றால் வேண்டாமாம். உட்கார்ந்து உட்கார்ந்து தானே ஏறினாள். மேல்தளத்தில் காற்று நன்றாக இருந்தது. கீழே குளம், அதற்கப்பால் பாறைகள், எல்லாவற்றின் மேலும் மாலை வெயில். இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்துகொண்டோம். பிறகு, “நைனா, அம்மா நம்மளாண்ட வராம அங்கயே கீறாளே, அவ செய்யறது ரொம்ப கஷ்டமா?” என்று கேட்டாள். ரொம்பக் கஷ்டம், உன் அம்மா ஒருத்திக்குத்தான் அது தெரியும் என்றேன். அதைச் சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். ஒரு வருஷமாக அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீ வருவதானால் வா, உன் குழந்தை, உன் வீடு. ஆனால் கலத்தை வெயிலில் வைத்துப் பார்க்கும் சோதனை பாக்கி இருக்கிறது என்று முன் கடிதத்தில் எழுதியிருந்தாய். எங்களுக்காக அதைப் பாதியில் விடாதே. அந்தத் தபால் ஆபீஸ் மனுஷனுக்காக விடவே விடாதே.

இன்பா


மியூனிக்
27 ஏப்ரல் 1972

பிரியமுள்ளவருக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. உங்களை மன்னித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. சில நாள் மன்னித்துவிட்டதாகத் தோன்றும், கடையில் ஒரு குழந்தையின் தலைமுடியைப் பார்த்தால் போய்விடும். ஆனால் அந்தப் படிவத்தைப் பற்றி நீங்கள் எனக்கு எழுதினீர்களே. யாரும் யாருக்கும் எழுதாத கடிதம் அது. அதனால்தான் டிக்கெட் வாங்காமல் இருந்தேன். தபி தன் கையால் எழுதிய நான்கு வரி வந்தபிறகு கொஞ்சம் தூங்கவும் முடிந்தது.

சோதனை நடந்தது.

ஒரு பெரிய எஃகு அறை. உள்ளே காற்றை உறிஞ்சிவிட்டார்கள். சுவரெல்லாம் கறுப்பு, விண்வெளியைப் போலக் குளிர வைத்திருந்தார்கள். நடுவில் எங்கள் கலம், முழு அளவில், சில்லுகளெல்லாம் ஒட்டி, மெதுவாகச் சுற்றிக்கொண்டு. நான் வட்டமான சின்ன ஜன்னலுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி பிடித்துக்கொண்டு நின்றேன். விளக்குகளை ஒன்றொன்றாக ஏற்றினார்கள். ஒரு சூரியன். மூன்று. ஐந்து. என் பக்கத்தில் நின்றவர்களும் கறுப்புக் கண்ணாடியை எடுத்துக்கொண்டார்கள். எட்டு. சத்தமே இல்லை, அவ்வளவு வெளிச்சம் சத்தமில்லாமல் வருவது பயமாக இருந்தது. பதினொன்று.

அது எரியும் என்று நினைத்தேன். எரியவில்லை. நீர்மேல் வெயில் விழுந்தது போல ஆனது. ஒவ்வொரு சில்லும் தன் முறை வரும்போது வெளிச்சத்தை வாங்கி உடனே கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் அது கலம் என்பதே மறந்துவிட்டது. வெளிச்சமே ஒரு நூற்கண்டாகச் சுற்றிக்கொண்டிருந்தது, யாரோ நூற்பது போல. உள்ளே வெப்பம் எவ்வளவு என்று வாசித்தார்கள். இருபது டிகிரி. நம் சித்தூரில் மார்கழிக் காலை. அந்த நெருப்புக்கு நடுவே ஒரு மார்கழிக் காலை இருந்தது, அதை நான் செய்திருந்தேன்.

கீழ் ஓரம் மட்டும் நினைத்ததைவிடச் சூடாகிவிட்டது. சில்லுகளை மாற்றி அடுக்க வேண்டும். அதற்கும், பிறகு ஏவும் வரைக்கும், என்னை இருக்கச் சொல்கிறார்கள். கலத்தின் கூடு, கருவிகள், தகவல் படிப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே குழுவாக்கி அதற்கு என்னைத் தலைவியாகப் போடுகிறார்கள். ஹெர் பிராண்ட்னர் அன்று சொன்ன அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இனி என் குழுவில் வருகிறது, என் கையெழுத்தின் கீழே. அதனால் அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன்.

ஜூலை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் வா என்றால் வருகிறேன். இரு என்றால் தபியை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். எதைச் சொன்னாலும் மரியாதைக்காகச் சொல்லாதீர்கள். ஸ்டேஷனில் சொன்னது போல ஒரு “போய்ட்டு வா” இன்னொரு தடவை எனக்கு வேண்டாம்.

உங்கள்
லோயிஸ்


திருப்பதி
20 ஜூன் 1972

அன்புள்ள லோயிஸ்,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நீ தவித்திருப்பாய். எனக்கு உறுதியாகாமல் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன், இந்தத் தடவை மறைப்பதற்காக இல்லை.

மே மாதமே ஹெர் பிராண்ட்னருக்கு எழுதினேன். உன் பெயரைக் குறிப்பிடாமல் எழுத முயன்றேன், முடியவில்லை. பிறகு குறிப்பிட்டே எழுதினேன். ‘முன்பு மறுத்தேன், அந்த மறுப்பு என் கர்வத்தால் வந்தது, இடம் காலியாக இருந்தால் வர விரும்புகிறேன், குழுவின் தலைவி சம்மதித்தால்.’ அவர் பதில் நேற்று வந்தது. தலைவியின் சம்மதத்தை நானே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம், அவர் அதில் தலையிட மாட்டாராம். மனுஷன் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பார்.

ஆகவே கேட்கிறேன். என்னைச் சேர்த்துக்கொள்வாயா?

இன்று கல்லூரியில் நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். ஆபீசில் சிட்டிபாபு அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். உனக்குத்தான் அவரைத் தெரியுமே, பாதி தெலுங்கு, பாதி தமிழ். “ஏமண்டி சாரு, அக்கட போயி மேடம் கீழயா வேலை?” என்றார். அறையில் நான்கைந்து பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். “ஆமாங்க, அவங்க கீழதான். அவங்க அளவுக்கு அது தெரிஞ்சவங்க அங்க வேற யாரும் இல்ல” என்றேன். என் குரல் சாதாரணமாக இருந்தது. படியிறங்கி வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்ற பிறகுதான், குரல் சாதாரணமாக இருந்ததே என்று எனக்குத் தோன்றியது. சிட்டிபாபு பின்னாலேயே வந்து, அங்கே அரிசி கிடைக்குமா என்று விசாரித்தார்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பதினொன்று என்பதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பசையைப் பற்றி நீ சொன்னது சரி. இந்தக் கலம் பதினொன்றில் நிற்கட்டும், நன்றாக வாழட்டும். ஆனால் இதற்குப் பிறகு ஒன்று போக வேண்டும், பதினாறுக்கு, முடிந்தால் அதற்கும் உள்ளே. அதை உன் முதல் கூட்டத்திலேயே கை தூக்கிச் சொல்வேன். வீட்டுக்காரர் என்று தாட்சண்யம் பார்க்காமல் மறுத்துப் பேசு. எனக்கு அது வேண்டும். சித்தூரில் என்னோடு சண்டை போட ஆளே இல்லை.

அக்கா வர மாட்டேன் என்றுவிட்டாள். ஆஸ்பத்திரி வேலையையும் சபையையும் விட்டு எங்கே வருவது என்கிறாள். வீட்டை அவள் பார்த்துக்கொள்வாள். தபிக்கு முடி காது வரை வளர்ந்துவிட்டது. ஜெர்மன் பாஷையில் நல்ல வார்த்தை ஒன்று கற்றுக்கொடு என்றாள், எனக்குத் தெரிந்தது சூரியன் என்பதற்கான வார்த்தை மட்டும்தான். அதையே வாசலில் போகிற வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன் சம்மதம் வந்தால் ஆகஸ்டில் பம்பாயிலிருந்து கிளம்பலாம். ஒரே ஒரு வேண்டுகோள். விமான நிலையத்துக்கு ஹெர் பிராண்ட்னரையோ ஆபீஸ் காரையோ அழைத்து வராதே. நீ மட்டும் வா. உன்னைப் பார்த்ததும் தபி ஓடி வருவாளா, என் பின்னால் ஒளிந்துகொள்வாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. அவள் ஒளிந்துகொண்டால் நீ அழாதே, அவள் வெளியே வரும் வரை நாம் இரண்டு பேரும் அங்கேயே நிற்போம். எவ்வளவு நேரமானாலும் சரி.

உன்
இன்பா